தி அப்ரென்டிஸ்: பிழை செய்தவரை விட்டு வேறொருவரை வெளியேற்றுவது ஏன்?

கேள்வி: மாலைநேரப் பார்வையாளன்

போட்டியாளர்கள் அணிகளாகப் பிரிந்து வணிகப் பணிகளில் மோதும், பிபிசியில் 2005 முதல் ஒளிபரப்பாகிவரும் ‘தி அப்ரென்டிஸ்’ நிகழ்ச்சியின் பழைய பருவங்களை (சீசன்களை) வரிசையாகப் பார்த்து வருகிறேன். ஒவ்வொரு வாரமும் தோற்ற அணி தொழிலதிபர் ஆலன் சுகர் முன்னிலையில் விசாரணைக்கு நிற்பதும், அதன் முடிவில் ஒருவர் வெளியேற்றப்படுவதும் அனைவரும் அறிந்தவை. எனக்கு விளங்காதது, அந்த முடிவு எதை அடிப்படையாகக் கொண்டு எடுக்கப்படுகிறது என்பதுதான்.

2009ஆம் ஆண்டுப் பருவத்தில் சோப்பு தயாரித்து விற்கும் பணி ஒன்று வந்தது. மலிவான தேவதாரு எண்ணெய் என்று எண்ணிக்கொண்டு, பன்மடங்கு விலையுள்ள சந்தன எண்ணெயைக் கலந்துவிட்டதால் ஓர் அணியின் லாபம் முழுவதும் செலவிலேயே கரைந்துபோனது. அணித்தலைவி பவுலா ஜோன்ஸ் வெளியேற்றப்பட்டார். அதே விசாரணையில் அவருக்கு அருகில் அமர்ந்து, செலவைக் கவனிக்கத் தவறியதற்காகக் கேள்விகளை எதிர்கொண்ட யாஸ்மினா சியாதாதன் அந்தப் பருவத்தின் வெற்றியாளராகவே ஆனார். பிழைக்கும் வெளியேற்றத்துக்கும் தொடர்பே இல்லையென்றால், விசாரணை என்ற பெயரில் அங்கே உண்மையில் நடப்பது என்ன? இரண்டாவதாக, அணித்தலைவர் விசாரணைக்கு அழைத்து வர வேண்டியவர் உண்மையில் பிழை செய்தவரா, அல்லது தம்மால் வாதத்தில் வெல்லக்கூடியவரா?

மறுமொழி: கணக்கர்

உங்கள் இரண்டாவது கேள்விக்கான விடையில்தான் முதலாவதற்கும் விடை இருக்கிறது என்று கருதுகிறேன். விதியைச் சற்று நிதானமாகப் பாருங்கள். அணி தோற்றால் அணித்தலைவரின் இருக்கை உறுதியாகிவிடுகிறது. அவர் தம்முடன் பெரும்பாலும் இருவரைத் தேர்ந்தெடுத்து இறுதி விசாரணைக்கு அழைத்து வர வேண்டும். ஏனையோர் போட்டியாளர்கள் தங்கும் வீட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள். அதாவது, குற்றம் சாட்டுபவரும் குற்றம் சாட்டப்படுபவரும் ஒரே ஆபத்தில் இருக்கும்படி இந்த விளையாட்டு அமைக்கப்பட்டிருக்கிறது. தம் கழுத்துக்கும் கத்தி தொங்கும்போது, உண்மையில் தவறு செய்தவரைக் காட்டிலும் திக்கித் திணறிப் பேசுபவரை அழைத்து வருவதே அணித்தலைவருக்கு ஆதாயம். ஆனால் அப்படி அழைத்து வந்தால், ‘இவரை ஏன் அழைத்து வந்தீர்கள்?’ என்ற கேள்வியிலேயே அவர் வீழ்வதும் உண்டு. மனிதர்களைச் சரியாக எடைபோடத் தெரியாதவர் என்ற முத்திரை விழுந்துவிட்டால், விற்பனைக் கணக்கு எப்படியிருந்தாலும் அவரால் தப்ப முடிவதில்லை.

அணிக்குள் மூளும் சண்டைகளில் பெரும்பகுதி இந்த விதியிலிருந்தே பிறக்கிறது என்பது என் எண்ணம். பணி நடந்துகொண்டிருக்கும்போதே ஒவ்வொருவரும் தமக்கான தற்காப்பு வாக்குமூலத்தைத் தயார் செய்துகொள்கிறார்கள். ‘நான் அப்போதே சொன்னேன்’ என்று பின்னர் கூறுவதற்காகவே ஒருவர் எதிர்ப்புத் தெரிவிக்கிறார். கேமராவில் பதிவானதும் அந்த எதிர்ப்பைக் கைவிட்டு விடுகிறார். உண்மையாகவே நிறுத்த வேண்டிய முடிவைக்கூட நிறுத்துவதில்லை, ஏனெனில் நிறுத்தினால் பொறுப்பு தம் தலையில் விழும்.

பிழையும் வெளியேற்றமும் ஒன்றுசேர்ந்த சந்தர்ப்பங்களும் இல்லாமல் இல்லை. 2007இல் பிரிட்டன் பொருள்களைப் பிரான்ஸில் விற்கும் பணியில், பாலாடைக்கட்டிக்குப் பெயர்பெற்ற அந்த நாட்டவருக்கே மொத்த விற்பனைக் கடையில் வாங்கிய மலிவான பாலாடைக்கட்டியை விற்கப் போனார் பால் கல்லகன். முடிவு எடுத்தவர் அவர், அணித்தலைவரும் அவரே. ஆகவே அவர் வெளியேற்றப்பட்டபோது யாரும் வியப்படையவில்லை.

மறுமொழி: எழும்பூர் எம்பிஏ

கணக்கர் அவர்கள் கூறியதை ஏற்கிறேன். ஆயினும், பரிசு என்ன என்பதை அவர் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. 2010 வரை வெற்றியாளருக்குக் கிடைத்தது சுகரின் நிறுவனத்தில் ஆண்டுக்கு 1,00,000 பவுண்டு சம்பளமுள்ள வேலை. 2011 முதல் அது வெற்றியாளரின் தொழிலில் 2,50,000 பவுண்டு முதலீடாக மாறியது. அதாவது, சுகர் தேடியது இனி ஊழியரை அல்ல, பங்காளியை. பணிகள் ஏறக்குறைய அப்படியே இருந்தன. அவற்றைப் பார்க்கும் கண் மாறிவிட்டது.

பரிசு மாறிய அந்த 2011ஆம் ஆண்டுப் பருவத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஹெலன் மில்லிகன் ஏறத்தாழ எல்லாப் பணிகளிலும் வென்ற அணியில் இருந்தவர். டாம் பெல்லரோவோ பெரும்பாலான வாரங்களில் தோற்ற அணியில் இருந்தவர். திரும்பத் திரும்ப விசாரணை அறைக்கு வந்தவர். இறுதியில் வென்றவர் டாம். வளைந்த நக அரம் ஒன்றைக் கண்டுபிடித்து, ஏற்கெனவே கடைகளுக்கு விற்றவர் அவர் என்பதே சுகருக்கு வாரந்தோறும் கிடைத்த மதிப்பெண்களைவிடப் பெரிதாகத் தெரிந்தது. ஹெலனின் திறமை மற்றவர் வகுத்த வேலையைச் செம்மையாக முடிப்பதில் இருந்தது. வேலை கொடுப்பவருக்கு அது பொக்கிஷம், முதலீட்டாளருக்கோ பாதி விடைதான். பழைய பரிசே நீடித்திருந்தால் ஹெலன் வென்றிருப்பார் என்று நான் நம்புகிறேன்.

ஆகவே வாராந்திர விசாரணையை நீதிமன்றமாகப் பார்க்காமல் நேர்முகத் தேர்வாகப் பார்த்தால் குழப்பம் குறையும். தோற்ற பணி அங்கே ஒரு சாக்கு மட்டுமே. பவுலாவும் யாஸ்மினாவும் ஒரே விசாரணையில் அமர்ந்து வெவ்வேறு முடிவை அடைந்ததை நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

மறுமொழி: கடலோர வாசி

சண்டைகள் விதியிலிருந்தே பிறக்கின்றன என்ற கணக்கரின் கருத்தில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. அமெரிக்காவில் என்பிசி தொலைக்காட்சி 2004 ஜனவரியில் தொடங்கிய மூல நிகழ்ச்சியின் முதல் பருவ இறுதியைப் பாருங்கள். அங்கே சுகரின் இடத்தில் இருந்த டொனால்ட் டிரம்ப் முன் எஞ்சியவர்கள் பில் ரான்சிக்கும் குவாமே ஜாக்சனும். குவாமேக்கு அட்லாண்டிக் சிட்டியில் ஜெசிகா சிம்ப்சனின் இசை நிகழ்ச்சியை நடத்தும் பொறுப்பு. அவருக்கு உதவியாளர்களாக வந்தவர்கள் ஏற்கெனவே வெளியேற்றப்பட்டவர்கள். அவர்களுக்கு இழப்பதற்கு ஒன்றுமில்லை, தற்காத்துக்கொள்ளவும் அவசியமில்லை. அப்படியிருந்தும் அவர்களில் ஒருவரான ஒமரோசா தம்மிடம் ஒப்படைக்கப்பட்ட வேலையில் தடுமாறியதுடன், ஒரு தொலைபேசி அழைப்பைப் பற்றி உண்மைக்கு மாறாகவும் பேசினார். அவரை ஏன் நீக்கவில்லை என்று பின்னர் கேட்கப்பட்டபோது, நீக்கும் அதிகாரம் தமக்கு இருந்தது என்பதே தெரியாது என்றார் குவாமே. வென்றவர் பில். இங்கே விதியின் அழுத்தம் ஏதுமில்லை. குணமும், தலைவரின் தயக்கமும்தான் விளைவைத் தீர்மானித்தன.

அதே ஆண்டின் இரண்டாம் பருவத்தில் இதற்கு நேர்மாறான ஒன்று நடந்தது. முதல் வாரப் பணியில் தம் அணியை வெற்றிக்கு நடத்தியதால் பிராட்ஃபோர்ட் கோஹனுக்கு அடுத்த வாரம் யாரும் தொட முடியாத பாதுகாப்புக் கிடைத்திருந்தது. இரண்டாம் வாரம் ஐஸ்கிரீம் பணியில் அணி தோற்றது. தாமும் மற்றவர்களுடன் நிற்பதாகக் காட்ட, அந்தப் பாதுகாப்பை அவரே துறந்தார். டிரம்ப் அவரையே வெளியேற்றினார், அதுவும் அந்தச் செயலுக்காகவே. ஐஸ்கிரீம் விற்பனையில் சறுக்கியவர்களோ போட்டியில் நீடித்தார்கள்!

2005இல் நான்காம் பருவத்தில் ஒரே இரவில் நால்வரை வெளியேற்றியதையும் நினைவில் கொள்ளுங்கள். யார் மீது பிழை என்று பிரித்தறியும் பொறுமை அன்று அங்கே இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. பார்வையாளருக்கு அதிர்ச்சி தருவதும் தயாரிப்பாளர்களின் வேலைதானே.

கேள்வி கேட்டவரின் பதில்: மாலைநேரப் பார்வையாளன்

மூவருக்கும் நன்றி. நேர்முகத் தேர்வு என்ற விளக்கம் சோப்பு விவகாரத்தை எனக்குத் தெளிவாக்கியது. ஹெலனின் தோல்வியை நான் முன்பு அநீதி என்றே நினைத்திருந்தேன். ஆனால் பிராட்ஃபோர்ட் விஷயத்தில் எனக்கு இன்னும் சமாதானம் ஏற்படவில்லை. பங்காளியையோ ஊழியரையோ தேடுபவர், அணிக்காகத் தம் பாதுகாப்பை விட்டுக்கொடுத்தவரை அவசரக்காரர் என்று தள்ளினால், மறுவாரம் யார்தான் அணிக்காக முன்வருவார்கள்?

மறுமொழி: கணக்கர்

அணிக்காக அவர் எதையும் விட்டுக்கொடுத்ததாக எனக்குத் தோன்றவில்லை. பாதுகாப்பைத் துறந்ததால் மற்றவர்களின் ஆபத்து குறைந்ததுதான், ஆனால் அதை அவர் வேண்டிச் செய்யவில்லை. தம் துணிவைக் காட்டவே செய்தார், டிரம்ப் தம்மைத் தொடமாட்டார் என்ற நம்பிக்கையில். அணித்தலைவி ஐவானா மாவுக்கு அது எதிர்பாராமல் வாய்த்த நல்வாய்ப்பு. கையில் இருந்த ஒரே சலுகையை விலை பேசாமல் வீசியவரை எந்த வணிகர் பங்காளியாக வைத்துக்கொள்வார் என்று கேட்டால், அந்த ஒரு வாரத்தில் டிரம்ப் எடுத்த முடிவை நானும் எடுத்திருப்பேன்.