119 வாக்குகள்: ‘லிங்கன்’ படம் பார்த்த அனுபவங்கள்

வைகைக்கரை எழுதியது:

ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் இயக்கி 2012-இல் வெளிவந்த, அடிமை முறையை ஒழிக்கும் சட்டத்திருத்தத்துக்கு அமெரிக்க அதிபர் லிங்கன் நாடாளுமன்றத்தில் வாக்குத் திரட்டுவதைச் சொல்லும் ‘லிங்கன்’ படத்தை, ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற என் தந்தையுடன் பார்த்த இரவைப் பற்றி எழுத விரும்புகிறேன். படம் தொடங்கி அரை மணி நேரம் ஆகியிருக்கும். எழுந்து போனவர், கிழித்து வைத்திருந்த பழைய நாட்காட்டித் தாள் ஒன்றையும் பேனாவையும் எடுத்து வந்து, தாளின் பின்பக்கத்தில் நடுக்கோடு போட்டு, ஆதரவு என்றும் எதிர்ப்பு என்றும் தலைப்பிட்டுக்கொண்டார். யார் எந்தப் பக்கம் மாறுகிறார் என்பதைக் கடைசி வரை குறித்துக்கொண்டே இருந்தார். நம்பிக்கையில்லாத் தீர்மானங்களின்போது உறுப்பினர்களைத் தலை தலையாக எண்ணிப் பார்த்தவருக்கு, 1865 ஜனவரியில் வாஷிங்டனில் நடந்தது அந்நியமாகவே தோன்றவில்லை.

அவரை மிகவும் ஈர்த்தது அமைச்சரவைக் காட்சிதான். 1863-ஆம் ஆண்டின் முதல் நாளிலேயே அடிமைகளுக்கான விடுதலைப் பிரகடனம் வெளியாகிவிட்ட பிறகும் தனியாக ஒரு சட்டத்திருத்தம் எதற்கு என்ற கேள்விக்கு, லிங்கன் ஒரு வழக்கறிஞராகவே மாறி விடை சொல்கிறார். பிரகடனம், பிரிந்து போன தெற்கு மாநிலங்களுடன் நடந்த உள்நாட்டுப் போரில், போர்க்கால அதிகாரத்தின் பேரில் பிறந்தது. போர் முடிந்த மறுநாள் ஏதேனும் ஒரு நீதிமன்றம், அந்த அதிகாரம் காலாவதியாகிவிட்டது, விடுவிக்கப்பட்டவர்கள் மீண்டும் உடைமைகளே என்று தீர்ப்பளித்துவிட்டால் 30 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களின் கதி என்னவாகும் என்ற அச்சம் அவர் பேச்சு முழுவதிலும் இருக்கிறது. தாம் செய்தது சட்டப்படி செல்லுமா என்ற ஐயத்தை ஒரு தலைவர் தம் அமைச்சர்கள் முன்பே பிரித்துப் போட்டு ஆராய்வதைத் திரையில் நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அடிமை முறையைக் கடுமையாக எதிர்த்த அவை உறுப்பினர் தாடியஸ் ஸ்டீவன்ஸ் பேசும் இடத்தில் அப்பா படத்தை நிறுத்தச் சொன்னார். மனிதர் அனைவரும் எல்லா வகையிலும் சமம் என்று வாழ்நாள் முழுவதும் நம்பிய ஸ்டீவன்ஸ், ஊசலாடும் உறுப்பினர்கள் மிரண்டு ஓடிவிடக் கூடாது என்பதற்காக, தாம் கேட்பது சட்டத்தின் முன் சமத்துவம் மட்டுமே என்று அவையில் சொல்கிறார். அது கோழைத்தனம் என்றேன் நான். ‘அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சொல்’ என்றார் அப்பா. முந்தைய ஆண்டு ஜூனில் 93-க்கு 65 என்ற கணக்கில் மூன்றில் இரண்டு பங்கு கிடைக்காமல் இதே பிரதிநிதிகள் அவையில் தோற்ற திருத்தம், ஜனவரி 31 அன்று 119-க்கு 56 என்று நிறைவேறியது. வாக்களித்தவர்கள் 175 பேர், தேவைப்பட்டது 117. அந்த இரண்டு வாக்கு வித்தியாசத்தை அப்பா தாளில் வட்டமிட்டுக் காட்டியபோது, என் வாதத்தை நான் தொடரவில்லை.

ஹாம்ப்டன்வாசி எழுதியது:

வணக்கம். நான் வசிப்பது வர்ஜீனியா மாநிலத்தின் ஹாம்ப்டன் நகருக்கு அருகில். படத்தில், தெற்கிலிருந்து சமாதானம் பேச வந்தவர்களை லிங்கன் ஒரு கப்பலில் சந்திக்கிறாரே, 1865 பிப்ரவரி 3 அன்று அந்த ‘ரிவர் குவீன்’ நின்றது எங்கள் ஊர்க் கடற்பரப்பில்தான். படம் பார்த்த வாரக் கடைசியிலேயே மகளை அழைத்துக்கொண்டு மன்ரோ கோட்டைக்குச் சென்றேன்.

அகழியைக் கடந்து உள்ளே போனால், பீரங்கிகள் வைத்திருந்த செங்கல் அறைகளில் கோடையிலும் ஈர வாடை அடிக்கிறது. 1619-இல் ஆங்கிலேயரின் வர்ஜீனியாவுக்கு முதன்முதலாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்கள், 20-க்கும் சற்று அதிகமானோர், கரையிறக்கப்பட்ட முனை இதுதான். 1861 மே மாதம் ஓர் இரவில், எதிர்க்கரையில் தெற்குப் படைக்காகப் பீரங்கி மேடை கட்டும் வேலையில் அமர்த்தப்பட்டிருந்த மூன்று அடிமைகள் படகேறித் தப்பி வந்து தஞ்சம் புகுந்த கோட்டையும் இதுவே. அவர்களைத் திருப்பி அனுப்பும்படி கேட்டு வந்தவரிடம், எதிரி போருக்குப் பயன்படுத்தும் உடைமையைப் பறிமுதல் செய்யும் உரிமை தமக்குண்டு என்று கோட்டையை வைத்திருந்த வடக்குப் படையின் தளபதி பட்லர் மறுத்துவிட்டார். உடைமை என்ற சொல்லையே கேடயமாக்கிய அந்த வாதம் பரவி, போர் முடிவதற்குள் ஆயிரக்கணக்கானோர் இங்கே வந்து சேர்ந்தார்கள். கோட்டைச் சுவர் மீது நின்றால் எதிர்க்கரை மெல்லிய கோடாகத்தான் தெரிகிறது. அவ்வளவு தண்ணீரையும் இருட்டில் துடுப்புப் போட்டுக் கடந்திருக்கிறார்கள்.

படத்தின் மீது எனக்குள்ள வருத்தம் இங்கிருந்துதான் வருகிறது. வாக்குகளைத் திரட்டியவர்களை அவ்வளவு நுணுக்கமாகக் காட்டியவர்கள், தம் கால்களாலேயே அடிமை முறையை உடைத்துக்கொண்டு வந்தவர்களைக் கண்ணில் காட்டவில்லை. அடிமையாயிருந்து தப்பி வந்து விடுதலைக்காகப் போராடிய பிரெடரிக் டக்ளஸ் படத்தில் இல்லவே இல்லை. திருமதி லிங்கனின் தையல்காரராகக் கூடவே வரும் எலிசபெத் கெக்லி, 1855-இல் 1,200 டாலர் கொடுத்துத் தம்மையும் தம் மகனையும் மீட்டவர். தலைநகருக்கு வந்து சேர்ந்த விடுதலை பெற்றோருக்காக 1862-இல் நிவாரணச் சங்கம் அமைத்தவர். படத்திலோ அவர் பார்வையாளர் மாடத்தில் கண்கலங்கி அமர்ந்திருப்பதே அதிகம்.

கணக்காசிரியை எழுதியது:

தந்தி அலுவலகக் காட்சியை மட்டும் ஒன்பதாம் வகுப்பில் போட்டுக் காட்டினேன். நள்ளிரவில் இரண்டு இளைஞர்களிடம் லிங்கன், ஒரே பொருளுக்குச் சமமான பொருள்கள் ஒன்றுக்கொன்று சமம் என்ற யூக்ளிடின் விதியைச் சொல்லிவிட்டு, அடுத்த நிமிடமே, சமாதானத் தூதர்களைத் தலைநகருக்கு அழைத்துவரும் உத்தரவை மாற்றி எழுதச் சொல்கிறார். அதே வாக்கியம் எங்கள் பாடநூலில் இருப்பதால் பிள்ளைகள் உடனே பிடித்துக்கொண்டார்கள். சமம் என்பதுதான் நிரூபிக்கவே தேவையில்லாத உண்மையாயிற்றே, பிறகு எதற்கு வாக்கெடுப்பு என்று ஒரு மாணவி கேட்டாள். அன்று அவளுக்கு என்னால் விடை சொல்ல முடியவில்லை, இன்னமும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

வைகைக்கரை எழுதியது:

இருவருக்கும் நன்றி. கெக்லி அம்மையார் பற்றி ஹாம்ப்டன் நண்பர் சொன்னதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். வெகுநேரம் பேசாமல் இருந்தார்.

இன்னும் இரண்டு செய்திகள். கனெக்டிகட் மாநில உறுப்பினர் இருவர் எதிர்த்து வாக்களிப்பதாகப் படம் காட்டுகிறது. உண்மையில் அம்மாநிலத்தின் நால்வருமே ஆதரித்தார்கள். இறந்தவர்கள் வந்து மறுக்க முடியாது என்பதால், இதை நான் சிறு பிழையாகக் கருதவில்லை. மற்றொன்று மகிழ்ச்சியான செய்தி. திருத்தத்துக்கு மாநிலங்களின் ஏற்பும் தேவைப்பட்டது. 1865-இல் அதை நிராகரித்த மிசிசிப்பி மாநிலம், 1995-இல்தான் ஏற்புத் தீர்மானம் போட்டது. அதையும் முறைப்படி மத்திய அரசுக்குத் தெரிவிக்காமல் விட்டுவிட்டது. இந்தியாவில் பிறந்து அம்மாநிலத்தில் பணியாற்றும் ஒரு பேராசிரியர், இந்தப் படத்தைப் பார்த்துவிட்டுத் தேடியபோதுதான் அது வெளிப்பட்டது. 2013 பிப்ரவரி 7 அன்று ஏற்பு முறைப்படி பதிவானது.

அப்பா அந்த நாட்காட்டித் தாளை இன்னும் வைத்திருக்கிறார். கனெக்டிகட்டின் இரண்டு கோடுகளை எதிர்ப்புப் பக்கத்தில் அடித்துவிட்டு, அடியில் ‘மிசிசிப்பி, 7-2-2013’ என்று எழுதிச் சேர்த்தார்.