பள்ளிக்கரணையில் பூநாரைகள் வருவது ஏன்?

வேளச்சேரிவாசி: பெருங்குடிக் குப்பைக் கிடங்கின் நாற்றம் வீசும் அதே தென்சென்னைப் பள்ளிக்கரணைச் சதுப்பில், துரைப்பாக்கம் ரேடியல் சாலையோரமாகப் பூநாரைகள் மேய்வதைப் பார்த்தேன். இவ்வளவு கெட்ட நீரில் அவற்றுக்கு என்ன கிடைக்கிறது?

நாரைக்கால்: கழிவுநீர் சுமந்துவரும் சத்துகளால் பாசியும் சிறு நீருயிரிகளும் பெருகுகின்றன, பூநாரை தலையைக் கவிழ்த்து, அலகால் சேற்றுநீரைச் சலித்து அவற்றை உண்கிறது. எனவே பறவை வந்துவிட்டதாலேயே நீர் நலமாக இருக்கிறதென்று முடிவுகட்ட இயலாது. (நானும் முதலில் அப்படித்தான் நினைத்திருந்தேன்.)

மடுவுக்கரை: உணவைவிட நீரோட்டமே எனக்குப் பெரிய கவலை. தென்சென்னை ஏரிகள் பலவற்றின் உபரிநீர் இங்கே சேர்ந்து, ஒக்கியம் மடுவு என்னும் வடிகால் வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைந்து, கோவளம் முகத்துவாரத்தில் கடலில் கலக்கிறது. சதுப்பைத் துண்டாடிய சாலைகளும் கட்டடங்களும் அவ்வழியைக் குறுக்கிவிட்டன. 2015 வெள்ளத்தில் எங்கள் வீட்டுச் சுவரில் படிந்த சேற்றுக்கோடு சன்னல் உயரத்தில் இன்னும் தெரிகிறது. 2007இல் சதுப்பின் ஒரு பகுதி காப்புக்காடானது, 2022இல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலிலும் இடம் கிடைத்தது.

வேளச்சேரிவாசி: நன்றி. அடுத்த முறை பறவைகளோடு மடுவின் மதகுகளையும் பார்த்து வருகிறேன்.