சொல்வதை எழுத ஆள், கூடுதல் ஒரு மணி நேரம்: கேட்டு வாங்கியவர்கள் சொல்கிறார்கள்

பத்தாம் வகுப்பு முடித்த மகனின் அம்மா, திருச்சி

என் மகனுக்கு டிஸ்கிராஃபியா, அதாவது கையால் எழுதுவதில் சிரமம். கேள்வி கேட்டால் பாடம் முழுவதையும் வாயால் சொல்லிவிடுவான். எழுதச் சொன்னால் அரைப் பக்கத்தில் கை நின்றுவிடும். நாலாம் வகுப்பில் அவன் படித்த தனியார் பள்ளியில், "அவன் நல்லதுக்குத்தாம்மா சொல்றோம், ஸ்பெஷல் ஸ்கூல் ஏதாவது பாருங்க" என்றார்கள். இதை எழுத்தில் கொடுங்கள் என்றதும் பேச்சை மாற்றிவிட்டார்கள். எப்படிக் கொடுப்பார்கள்? 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 16-வது பிரிவு, அரசு நிதி பெறும் பள்ளிகளுக்கு மட்டுமல்ல, அரசு அங்கீகாரம் பெற்ற தனியார் பள்ளிகளுக்கும் பொருந்தும். பாகுபாடு காட்டாமல் சேர்க்க வேண்டும், அந்தப் பிள்ளைக்குத் தேவையான உதவியும் செய்ய வேண்டும் என்கிறது. சண்டை போடத் தெம்பில்லாததால் வீட்டுக்குப் பக்கத்து உதவிபெறும் பள்ளிக்கு மாற்றினோம்.

பொதுத்தேர்வுக்குச் சொல்வதை எழுதுபவரும் கூடுதலாக ஒரு மணி நேரமும் கேட்டோம். மருத்துவச் சான்று, விண்ணப்பம், ஹெச்.எம். கையெழுத்து எல்லாவற்றையும் ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்கிவிடுங்கள். அந்த அலைச்சலைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள், நான் நீட்டவில்லை.

யாரும் சொல்லாத ஒன்று உண்டு. பதிலைச் சொல்லி எழுத வைப்பதற்குத் தனியாகப் பழக வேண்டும். கணக்கில்தான் முழித்தோம். "எக்ஸ் கூட்டல் மூன்று பை இரண்டு" என்று அவன் சொல்கிறான். மூன்று மட்டும் இரண்டால் வகுபடுகிறதா, எக்ஸும் சேர்ந்தா? எழுதுபவர் தானாக முடிவு செய்யக் கூடாது. அதனால் "அடைப்பு ஆரம்பம், எக்ஸ் கூட்டல் மூன்று, அடைப்பு முடிவு, வகுத்தல் இரண்டு" என்று சொல்லப் பழகினான். வடிவியலில் "பி-யை மையமா வெச்சு, அஞ்சு சென்டிமீட்டர் ஆரத்தில் மேல் பக்கமா ஒரு வில்" என்று காம்பஸ் அசைவைக்கூட வாயால் சொல்ல வேண்டும். வீட்டில் எழுதிக் கொடுத்தவள் ஆறாவது படிக்கும் அவன் தங்கை. அவளுக்கு இயற்கணிதம் தெரியாது, அதுவே வசதியாகப் போயிற்று. நான் உட்கார்ந்தால் என்னை அறியாமல் தப்பைத் திருத்திவிடுவேன். அவள் அண்ணன் சொன்னதை மட்டும், அதுவும் திட்டிக்கொண்டே எழுதுவாள்.

தேர்வில் எழுத வந்தவர் வரலாறு ஆசிரியர், பொறுமையான மனிதர். ஒரு நாள் மட்டும் மூன்று மணி நேரம் முடிந்ததுமே விடைத்தாளை வாங்க ஒருவர் உள்ளே வந்துவிட்டார். அனுமதி உத்தரவின் நகல் மகன் கையில் இருந்ததால் தப்பித்தோம்.

காது கேளாத தங்கையின் அக்கா, மதுரை

எங்கள் கதை இதற்கு நேரெதிர். மொழிப்பாடம் ஒன்றை எழுதாமல் விட அனுமதிக்கும் விலக்கு வேண்டாம் என்று சொல்லத்தான் நாங்கள் போராடினோம். தங்கைக்கு ஆங்கிலம் படிக்க ஆசை, சப்டைட்டில் பார்த்தே பாதி கற்றுக்கொண்டவள். ஆபீசில், "எல்லாரும் வாங்கிக்கறாங்க, உனக்கு மட்டும் என்னம்மா?" என்றார்கள். விலக்கு தேவைப்படும் பிள்ளைகள் நிறைய இருக்கிறார்கள், அவர்களுக்குக் கட்டாயம் கிடைக்கட்டும். ஆனால் காது மெஷினைப் பார்த்தவுடன் ஃபாரத்தை நீட்டுவது என்ன கணக்கு?

அவளுக்கு வேண்டியிருந்தது தேர்வு நாள் உதவியைவிட தினசரி வகுப்பில்தான். ஆசிரியர் போர்டு பக்கம் திரும்பிக்கொண்டு பேசினால் உதடு தெரியாது, அந்த வரி போயிற்று. ஒரு கணக்கு சார் மட்டும் அவளிடமே, "நான் என்ன பண்ணா உனக்குப் புரியும்?" என்று கேட்டார். அப்புறம் பக்க எண்ணையும் வீட்டுப்பாடத்தையும் போர்டின் இடது ஓரத்தில் முதலிலேயே எழுதிவிடுவார், எழுதி முடித்துத் திரும்பிய பிறகே பேசுவார். செலவு ஒரு பைசா கிடையாது. சைகை மொழி தெரிந்த ஒருவர்கூட அந்தப் பள்ளியில் இல்லை என்பது வேறு விஷயம். சட்டத்தின் 17-வது பிரிவு சைகை மொழி, பிரெய்ல் தெரிந்த ஆசிரியர்களை நியமிக்கச் சொல்கிறது.

சிறப்புப் பயிற்றுநர், விழுப்புரம் மாவட்டம்

வட்டார வள மையத்திலிருந்து பள்ளி பள்ளியாகப் போகிறவள் நான். சிறப்புக் கவனம் தேவைப்படும் பிள்ளைகளுக்குத் தொடக்க வகுப்புகளில் 10 பேருக்கு ஒரு சிறப்பாசிரியர், அதற்கு மேல் 15 பேருக்கு ஒருவர் என்று 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. என் பட்டியல் எவ்வளவு நீளம் என்று கேட்காதீர்கள்.

2012-இல் கல்வி உரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது, கடுமையான குறைபாடு உள்ள குழந்தை வீட்டிலிருந்தே படிக்கும் வழியைத் தேர்ந்தெடுக்கலாம் என்று சேர்த்தார்கள். தேர்ந்தெடுக்கும் உரிமை குழந்தைக்கு. நடப்பில் பள்ளிதான் தேர்ந்தெடுக்கிறது. மூளை முடக்குவாதம் உள்ள ஒரு சிறுமியை வீட்டுவழிக் கல்வி என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். காரணம் படிப்பே இல்லை, கழிப்பறை. உட்கார முடியாத கழிப்பறைக்கு அவள் அம்மா தினமும் நடுப்பகலில் வேலையை விட்டு ஓடிவர வேண்டியிருந்தது. ஒரு வெஸ்டர்ன் கோப்பையும் சுவரில் ஒரு கைப்பிடியும் வர ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. இப்போது வகுப்பில் இருக்கிறாள், சத்தம் போட்டுச் சிரிக்கிறாள் என்று புகார்கூட வருகிறது.

இன்னொன்று, ஒவ்வொரு பிள்ளைக்கும் தனியாக இலக்கு எழுதும் தனிநபர் கல்வித் திட்டம். பெயரே தனிநபர், ஆனால் நான் பொறுப்பேற்றபோது கையில் வந்த கோப்புகளில் எல்லாப் பிள்ளைக்கும் ஒரே வரி: "எழுத்துகளை அடையாளம் காணுதல்". இந்தச் சிறுமிக்கு நான் எழுதிய முதல் இலக்கு, மதியம் டிபன் பாக்ஸைத் தானே திறப்பது. மேலிடத்தில், "இதெல்லாம் கல்வியா?" என்றார்கள். பெற்றோர்கள் அந்தக் கோப்பைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். உங்கள் பிள்ளையின் பெயரை எடுத்துவிட்டு வேறு பெயர் போட்டாலும் பொருந்தினால், சும்மா விடாதீர்கள்.

குறைபார்வை உள்ள முதுகலை மாணவர், சென்னை

எனக்குச் சொல்வதை எழுத ஆள் வேண்டாம். எழுத்து பெரிதாக இருந்தால் நானே படிப்பேன், நானே எழுதுவேன். தேர்வுப் பிரிவில் இது புரியவே இல்லை. பார்வைக் குறைபாடு என்றால் ஆள்தான் என்று விதி வைத்திருந்தார்கள். கடைசியில் வினாத்தாளை ஜெராக்ஸில் ஏ3 அளவுக்குப் பெரிதாக்கிக் கொடுத்தார்கள்: எழுத்து மங்கல், தாளோ மேசையைவிட அகலம், ஒரு வரி படிக்கத் தலையை இங்கிருந்து அங்கே திருப்ப வேண்டும். மூலக் கோப்பையே 20 பாயின்ட்டில் வைத்துச் சாதாரண ஏ4 தாளில் அச்சிட்டால் போதும் என்று புரியவைக்க ஒரு செமஸ்டர் போயிற்று.

மனுவில் நான் காட்டியது விகாஷ் குமார் வழக்கு. 2021 பிப்ரவரி 11 தீர்ப்பு. எழுதும்போது கை இறுகிக்கொள்ளும் ரைட்டர்ஸ் கிராம்ப் அவருக்கு. மருத்துவச் சான்றில் குறைபாடு வெறும் 6 சதவீதம், அதனால் யு.பி.எஸ்.சி. தேர்வில் எழுத ஆள் மறுத்தார்கள். 40 சதவீதம் இருந்தால்தான் என்பது தவறு, ஒவ்வொருவரின் தேவையையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும், அவரையும் கலந்து பேச வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். அதே வருடம் நவம்பரில் அவ்னி பிரகாஷ் வழக்கு. நீட் தேர்வில் டிஸ்கிராஃபியா உள்ள மாணவிக்கு ஒரு மணி நேரம் தராமல் தாளைப் பறித்துவிட்டார்கள். மறுதேர்வுக்கு நீதிமன்றம் உத்தரவிடவில்லை, ஆனால் அநீதியைச் சரிசெய்ய வழி பார்க்கும்படி தேசியத் தேர்வு முகமைக்குச் சொன்னது.

எட்டாம் வகுப்பு மகளின் அப்பா, ஈரோடு

சான்றில் 30 சதவீதம் என்று போட்டிருக்கிறார்கள். பள்ளியில், 40 இல்லை, ஒன்றும் கிடையாது என்கிறார்கள். என்ன செய்வது?

முதுகலை மாணவர்

40 சதவீதம் என்பது கல்லூரியில் 5 சதவீத இடஒதுக்கீடு, 18 வயது வரை இலவசக் கல்வி போன்றவற்றுக்கான அளவு. தேர்வு முறையில் மாற்றம் கேட்பது 17-வது பிரிவில் வருகிறது, அங்கே அந்த அளவு கிடையாது. மகளுக்கு எழுதுவதில், படிப்பதில் குறிப்பாக எது முடியவில்லை என்று மருத்துவரிடம் விவரமாக எழுதி வாங்குங்கள், சதவீதம் மட்டும் போதாது. பள்ளிக்கு மனு கொடுத்து நகலில் முத்திரை வாங்குங்கள். மறுத்தால் அந்த மறுப்பை எழுத்தில் கேளுங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் போக அந்த இரண்டு தாளும் வேண்டும்.

திருச்சி அம்மா

எட்டாம் வகுப்புதானே சார், நேரம் இருக்கிறது. இப்போதே வீட்டில் சொல்லி எழுதப் பழக்க ஆரம்பியுங்கள். கணக்கிலிருந்து தொடங்குங்கள்.