சீன மொழியில பின்னம், சதவீதம் காதுல தலைகீழா விழுது, என்ன பண்ணலாம்?

பாதிப்பாடம்:
எச்எஸ்கே (சீன மொழித் தேர்வு) லிசனிங்குக்கு ரெடி ஆகிட்டு இருக்கேன். ஆடியோல "சான் ஃபென் ஜி அர்"னு வருது, அது மூணுல ரெண்டாம். முதல்ல 3 விழுது, அப்புறம் 2, ரெண்டையும் மாத்திப் போட்டு யோசிக்கிறதுக்குள்ள அடுத்த வாக்கியம் ஓடிடுது. 75%னு எழுதிட்டு "பாய் ஃபென் ஜி ச்சி ஷி ஊ"ன்னு வாசிக்கிறாங்க, கடைசில கிடக்கற குறிய எதுக்கு முதல்ல வாசிக்கணும்? ஏதாவது வழி இருந்தா சொல்லுங்கப்பா

மாண்டரின்மணி:
நீங்க ஏன் மாத்திப் போடறீங்க? "மூணுல ரெண்டு"ன்னு நீங்களே மேல எழுதிருக்கீங்களே, அதே வரிசைதான் அவங்களுக்கும்! சான் 3, அர் 2, நடுவுல இருக்கற ஃபென் ஜி தான் நம்ம "ல". இங்கிலீஷ்ல டூ தேர்ட்ஸ்னு மேல இருக்கறது முதல்ல வர்றதால அது வழியா போனா கண்டிப்பா சிக்கும். நாலுல மூணு, ஸ் ஃபென் ஜி சான். நூத்துக்கு எழுபத்தஞ்சுன்னு நினைச்சா உங்க ரெண்டாவது கேள்வியும் முடிஞ்சுது. 0.5% வந்தா பாய் ஃபென் ஜி லிங் தியென் ஊ, ஆயிரத்துல ஒண்ணுன்னா ச்சியென் ஃபென் ஜி ஈ. 100% மட்டும் பாய் ஃபென் ஜி பாய்னு சுருங்கிடும், பேச்சுல "நூறு சதவீதம் உறுதி"ங்கற அர்த்தத்துலயும் வரும்.

டோன்தகராறு:
மணி சொன்னதோட ஒண்ணு. பின்னத்துல 2 எப்பவும் அர் தான், ரெண்டுக்கு இருக்கற இன்னொரு சொல்லான லியாங் வராது. ஆனா 3% லேர்ந்து 5% ஆச்சுன்னா ஏறினது "லியாங் க பாய் ஃபென் தியென்" (ரெண்டு சதவீதப் புள்ளி), அங்க "க"ன்னு அளவுச்சொல் ஒட்டறதால லியாங். பாதிக்கு அர் ஃபென் ஜி ஈ னு கணக்குப் பாடத்துல சொல்வாங்க, சாதாரணமா ஈ பான் தான்.

சீனால கடை போர்டு பாத்தா கண்டிப்பா குழம்புவீங்க, அதையும் சொல்லிடறேன். தள்ளுபடி போர்டுல "தா பா ஜெ"ன்னு இருந்தா அதுல பா 8, ஆனா 80% தள்ளுபடி இல்ல, நீங்க 80% கட்டணும். 200 யுவான் ஜாக்கெட் 160 யுவான். 25% குறைச்சா "ச்சி ஊ ஜெ". அதாவது நம்பர் எவ்ளோ சின்னதோ அவ்ளோ லாபம், 3 போட்டிருந்தா ஓடிப்போய் வாங்கலாம் 😄

பாதிப்பாடம்:
அட, தமிழ்லயே இருந்துச்சா! செய்தில "ச்சி செங்"னு கேட்டேன், அதுவும் தள்ளுபடியா?

மாண்டரின்மணி:
இல்லங்க, ஒரு செங் பத்துல ஒரு பங்கு, அதனால ச்சி செங் 70%. 75%ன்னா ச்சி செங் ஊ. இதுல ஃபென் ஜி கிடையாது