மாநில அளவிலான சைக்கிள் அமைப்பு, சம்பளத்துக்கு ஆளே இல்லை: தன்னார்வலர்கள் மட்டும் நடத்த முடியுமா? (நியூஜெர்சி)

எடிசன் மிதிவண்டி:

வணக்கம். எடிசனில் பதினோரு வருடமாக இருக்கிறேன். வீட்டிலிருந்து மெட்டச்சன் ரயில் நிலையத்துக்குத் தினமும் சைக்கிள்தான், பனி கொட்டுகிற நாட்கள் தவிர. நான்கு வருடத்துக்கு முன் ஒரு காரின் பக்கக் கண்ணாடி என் இடது முழங்கையைத் தட்டிவிட்டுப் போனது. வண்டி நிற்கக்கூட இல்லை, நான் விழாமல் தப்பித்ததே பெரிய விஷயம். அந்தக் கோபத்தில்தான், நியூஜெர்சி முழுவதற்கும் சைக்கிள் ஓட்டுபவர்கள் சார்பாகப் பேசுகிற ஓர் அமைப்பில் (பெயர் இங்கே வேண்டாம்) தன்னார்வலராகச் சேர்ந்தேன். இரண்டு வருடத்தில் நிர்வாகக் குழுவிலும் போட்டுவிட்டார்கள்.

இப்போது நிலைமை இதுதான். சம்பளத்துக்கு இருந்த ஒரே ஆளான இயக்குநர் போன இலையுதிர் காலத்தில் விலகிவிட்டார், அவருக்குச் சம்பளம் கொடுத்துக்கொண்டிருந்த மானியமும் அத்தோடு முடிந்தது. வங்கியில் கொஞ்சம் பணம் இருக்கிறது, இன்னொருவரை வேலைக்கு வைக்கிற அளவுக்கு இல்லை. குழுவில் ஏழு பேர் இருந்தோம், இப்போது ஐந்து பேர்: ஒரு பள்ளி ஆசிரியை, ஓய்வுபெற்ற சிவில் இன்ஜினியர், சைக்கிள் கடைக்காரர் ஒருவர், ஒரு நர்ஸ், அப்புறம் நான். போன கூட்டத்தில் என்னைத் தலைவராக இருக்கச் சொல்லிவிட்டார்கள். எனக்கு இரண்டு பிள்ளைகள், ஐடி வேலை, இரவில் இந்தியாவோடு அலுவலக போன் பேச்சு.

உறுப்பினர் பட்டியல் இருக்கிற கணக்கின் கடவுச்சொல் பழைய இயக்குநரிடம்தான் இருக்கிறது. வருமான வரித் துறைக்குப் போட வேண்டிய படிவம் இரண்டு வருடமாகப் போடவில்லை என்று பொருளாளர் இப்போதுதான் சொல்கிறார். தர்ம அமைப்பு என்றால் சட்டமன்றத்தில் போய் மசோதாவுக்கு ஆதரவு கேட்கவே கூடாது என்று குழுவில் ஒருவர் அடித்துச் சொல்கிறார்.

முழுக்கத் தன்னார்வலர்களை வைத்து ஒரு மாநில அமைப்பை நடத்திய அனுபவம் யாருக்காவது இருக்கிறதா? ஒத்துக்கொள்வதா, வேண்டாம் என்று சொல்வதா? ஒத்துக்கொண்டால் முதலில் எதைத் தொடுவது?

கணக்குப்பிள்ளை:

படிவத்தைத் தொடுங்கள். இன்றைக்கே. மற்றதெல்லாம் அப்புறம்.

நான் லாப நோக்கற்ற அமைப்புகளுக்குக் கணக்கு பார்ப்பவன், ஒவ்வொரு வருடமும் இப்படி நான்கைந்து அமைப்புகள் என்னிடம் வருகின்றன. உங்கள் பொருளாளர் சொன்ன அந்த ஆண்டுப் படிவம்தான் 990. தொடர்ந்து மூன்று வருடம் அதைப் போடாவிட்டால் 501(சி)(3) என்கிற வரிவிலக்குத் தகுதி தானாகவே ரத்தாகிவிடும். விசாரணை எதுவும் கிடையாது, மூன்றாவது வருடத்தின் கடைசித் தேதி தாண்டினால் போச்சு. உங்கள் கணக்கு ஜனவரி முதல் டிசம்பர் வரை என்றால் அந்தத் தேதி மே 15. ஆண்டு வரவு வழக்கமாக 50,000 டாலருக்குள் என்றால் 990-என் என்கிற மிகச் சின்னப் படிவம் போதும், இணையத்தில் பத்து நிமிட வேலை. ஆனால் உங்களிடம் சம்பளத்துக்கு ஆள் இருந்திருக்கிறார், அதனால் அந்த வருடங்களில் வரவு அதைத் தாண்டியிருக்கும், அதைவிடக் கொஞ்சம் பெரிய 990-இஇசட் போட வேண்டிவரும். தயாராக இல்லை என்றால் 8868 என்கிற படிவம் போட்டு ஆறு மாதம் கூடுதல் அவகாசம் வாங்கலாம், ஆனால் அது 990-என்னுக்குக் கிடையாது.

அப்புறம் வங்கிக் கையெழுத்து. பழையவர் பெயரை எடுத்துவிட்டு இரண்டு பேர் பெயரைச் சேர்க்க வேண்டும், அதற்கு நிர்வாகக் குழுத் தீர்மானத்தின் நகலைக் கேட்பார்கள். நியூஜெர்சியில் லாப நோக்கற்ற அமைப்புக்குக் குறைந்தது மூன்று டிரஸ்டிகள் (நிர்வாகக் குழுவினர்) வேண்டும், நீங்கள் ஐந்து பேர் இருப்பதால் அதில் சிக்கல் இல்லை. கடவுச்சொல் விஷயத்தில் பழைய இயக்குநரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். ஒரு நாள் காபி சாப்பிடக் கூப்பிட்டு, லேப்டாப்பை முன்னால் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக அமைப்பின் பொது மின்னஞ்சலுக்கு மாற்றி வாங்குங்கள். ஒரு மாலை நேரத்தில் முடிந்துவிடும்.

மசோதாவுக்கு ஆதரவு கேட்கக் கூடாது என்பது தவறு, இந்தப் பயத்தாலேயே பல அமைப்புகள் வாயை மூடிக்கொண்டு இருக்கின்றன. தேர்தலில் ஒரு வேட்பாளரை ஆதரிப்பதோ எதிர்ப்பதோதான் அறவே கூடாது. சட்டம் கேட்டுப் பேசலாம், அதற்கு வரம்பு உண்டு, அவ்வளவுதான். 5768 என்று ஒரே ஒரு பக்கப் படிவம், அதை அனுப்பிவிட்டால் ஆண்டுச் செலவு 5 லட்சம் டாலர் வரை உள்ள அமைப்பு அதில் 20 சதவீதம் வரை இந்த வேலைக்குச் செலவழிக்கலாம். அந்தக் கணக்கில் பணச் செலவு மட்டும்தான் வரும். சம்பளம் வாங்காத தன்னார்வலர் மாநிலத் தலைநகர் டிரென்டனில் போய் நாள் முழுக்க நின்றாலும் அது பூஜ்யம். சம்பள ஆள் இல்லை என்பது இந்த ஓர் இடத்தில் உங்களுக்குச் சாதகம்.

செரி ஹில் அக்கா:

தம்பி, ஒத்துக்கொள்ளுங்கள். ஆனால் தனியாக ஒத்துக்கொள்ளாதீர்கள், இன்னொருவரையும் சேர்த்து இரண்டு பேர் இணைத்தலைவர்களாக இருங்கள், எவ்வளவு காலம் என்பதையும் அன்றைக்கே எழுதி வையுங்கள். நான் பக்கத்து மாநிலம் ஒன்றில் இதே வேலையை ஆறு வருடம் செய்தேன், கடைசி இரண்டு வருடம் எனக்கு அடுத்து யாரும் இல்லாததால் மட்டுமே இருந்தேன். அந்த இரண்டு வருடத்தில் அமைப்பும் நகரவில்லை, நானும் சைக்கிளைத் தொடவில்லை.

சம்பள ஆள் இருந்தபோது செய்ததையெல்லாம் தொடர்ந்து செய்யப் பார்க்காதீர்கள். மாதச் செய்திமடல், வருடாந்திர மாநாடு, நன்கொடையாளர் விருந்து, எல்லாவற்றையும் நிறுத்தலாம். உங்களை விட்டால் வேறு யாரும் செய்ய முடியாதது எது என்று பாருங்கள். ஓர் ஊரில் சைக்கிள் பாதை கேட்க அந்த ஊர்க்காரர்கள் போதும். சட்டம் டிரென்டனில்தான் மாறும், மாநில நெடுஞ்சாலைகளும் மாநிலத் துறையின் கையில்தான். அங்கே போய் உட்கார மாநிலத்தின் பெயரில் ஒரு குரல் வேண்டும்.

பாதுகாப்பாக முந்திச் செல்லும் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2021 ஆகஸ்டில் கையெழுத்தாகி, 2022 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. சைக்கிளையோ நடப்பவரையோ தாண்டும் கார் அடுத்த லேனுக்கு மாற வேண்டும், முடியாவிட்டால் 4 அடி இடைவெளி விட வேண்டும், அதுவும் முடியாவிட்டால் 25 மைல் வேகத்துக்குக் குறைத்து நிற்கத் தயாராக இருக்க வேண்டும். உங்கள் முழங்கையைத் தட்டியது எதற்காகத் தப்பு என்று இன்றைக்குப் போலீஸ்காரர் எழுத முடிகிறது என்றால் அதற்குப் பின்னால் பல வருட வேலை இருக்கிறது. இங்கே சட்டமன்றத்தின் ஒரு சுற்று இரண்டு வருடம், முடிவதற்குள் நிறைவேறாத மசோதா செத்துவிடும், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். தன்னார்வலர்கள் இதைத் தெரிந்துகொள்ளாமல் முதல் சுற்றிலேயே மனம் விட்டுவிடுகிறார்கள்.

அந்தப் பக்கத்து மாநிலத்தில் நாங்கள் செய்த ஒன்றைச் சொல்கிறேன். குழந்தைகள் நீச்சல் குளத்தில் வைத்து விளையாடுகிற நுரைக் குழாயை 4 அடிக்கு வெட்டி, சைக்கிளின் கேரியரில் இடது பக்கம் நீட்டிக்கொண்டு இருக்கும்படி கட்டினோம். செனட்டரைப் பார்க்க முடியவில்லை, அவருடைய உதவியாளர்தான் இருபது நிமிடம் கொடுத்தார். புள்ளிவிவரத் தாள்களை மேஜையில் வைத்துவிட்டு அவரைக் கீழே கார் நிறுத்துமிடத்துக்கு அழைத்துப் போய், சைக்கிளில் உட்காரவைத்து ஒரு காலைத் தரையில் ஊன்றச் சொன்னோம். நான் என் காரை நடக்கிற வேகத்தில் ஓட்டி முதலில் குழாயின் நுனியை ஒட்டிப் போனேன், அடுத்த முறை குழாய் பாதி மடங்குகிற அளவுக்கு நெருங்கிப் போனேன். நடக்கிற வேகம்தான், அதற்கே அவர் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துவிட்டார். இறங்கவில்லை. "இன்னொரு தடவை முதலில் போன மாதிரி போங்கள்" என்றார். செனட்டருடன் சந்திப்பு அடுத்த வாரமே கிடைத்தது.

நியூஜெர்சியில் 40 சட்டமன்றத் தொகுதிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு செனட்டர், இரண்டு அசெம்பிளி உறுப்பினர்கள். உங்கள் வேலை 40 பேரைக் கண்டுபிடிப்பது, தொகுதிக்கு ஒருவர். பத்தாயிரம் பேர் மின்னஞ்சல் பட்டியலைவிட இது பெரிது, ஏனென்றால் தன் தொகுதி வாக்காளரின் தொலைபேசியை அந்த அலுவலகம் எடுக்கும்.

ஜெர்சி சிட்டி குமார்:

எல்லோரும் அவரை உள்ளே தள்ளுகிறீர்கள், நான் மாற்றிச் சொல்கிறேன். மாநில அமைப்பை மூடிவிட்டு ஐந்து பேரும் அவரவர் ஊரில் வேலை செய்யுங்கள். ஹோபோக்கனைப் பாருங்கள், 2017 ஜனவரிக்குப் பிறகு ஏழு வருடத்துக்கு மேல் அந்த ஊர்ச் சாலைகளில் விபத்தில் ஓர் உயிர்கூடப் போகவில்லை. மந்திரம் ஒன்றும் இல்லை, தெருமுனையில் காரை நிறுத்த விடாமல் கம்பமும் சைக்கிள் ஸ்டாண்டும் நட்டார்கள், குறுக்கே நடப்பவர் கண்ணுக்குத் தெரிகிறார். அதை எந்த மாநில அமைப்பும் செய்யவில்லை, ஊர் நிர்வாகம் செய்தது. டிரென்டனில் இரண்டு வருடம் காத்திருக்கிற நேரத்தில் உங்கள் ஊரில் பத்துத் தெருமுனையைச் சரி செய்துவிடலாம். உங்களுக்குச் சின்னப் பிள்ளைகள் வேறு இருக்கிறார்கள்.

புதுகை மகள்:

குமார் சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஆனால் மூடச் சொல்வது எனக்கு ஒப்பவில்லை.

நான் புதுக்கோட்டைக்காரி, இப்போது சாமர்செட்டில் இருக்கிறேன். அம்மா 1991, 92ல் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தில் தொண்டராக இருந்தார். பகலில் வயல் வேலை, இரவில் ராந்தல் விளக்கில் பாடம், ஒரு பைசா சம்பளம் கிடையாது. ஊர் ஊராகப் போகப் பெண்களுக்குச் சைக்கிள் வேண்டும் என்று இயக்கம் முடிவெடுத்தபோது, கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத், தொண்டர்களுக்குச் சைக்கிள் கடன் கிடைக்க வழி செய்தார். லேடீஸ் சைக்கிள் கடைகளில் கிடைக்காமல் போய், பெண்கள் ஆண்கள் ஓட்டுகிற சைக்கிளையே வாங்கினார்கள், முன் கம்பியில் பிள்ளையை உட்காரவைக்கலாம் என்று அம்மாவுக்கு அதுதான் பிடித்தது. அந்தக் கம்பியில் உட்கார்ந்து போனவள் நான். 1992 மகளிர் தினத்தில் ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட பெண்கள் கைப்பிடியில் கொடி கட்டிக்கொண்டு நகரத்துக்குள் ஓட்டி வந்தார்கள்.

சம்பளம் இல்லாமல் ஏன் அவ்வளவு பேர் நின்றார்கள் என்று அம்மாவைக் கேட்டிருக்கிறேன். "எனக்குன்னு பன்னிரண்டு பேரைக் கொடுத்தாங்க, அவங்களுக்கு நான்தான்" என்பார். பொதுவாக "உதவிக்கு வாருங்கள்" என்று கூப்பிட்டால் யாரும் வருவதில்லை. இந்தச் சாலை உன்னுடையது, இந்த செனட்டர் அலுவலகம் உன்னுடையது என்று பிரித்துக் கொடுத்தால் வருவார்கள், நிற்பார்கள். அக்கா சொன்ன 40 தொகுதிக் கணக்கு எனக்கு அதனால்தான் சரியாகப் படுகிறது.

அந்த 40 பேரில் ஹெல்மெட்டும் ஜெர்சியும் போட்டு ஞாயிற்றுக்கிழமை ஓட்டுபவர்கள் மட்டும் இருந்தால் போதாது. இரவு பதினொரு மணிக்கு உணவகத்தில் பாத்திரம் கழுவிவிட்டு விளக்கில்லாத சைக்கிளில் வீடு திரும்புகிறவர் இருக்கிறாரே, அவர்தான் உண்மையில் தினமும் ஓட்டுகிறவர். நாங்கள் நியூ பிரன்ஸ்விக்கில் ஒரு நவம்பர் மாலை முன்விளக்கும் பின்விளக்கும் இலவசமாக மாட்டிவிட்டோம். ஓர் ஆள் பின்விளக்கை நான்கைந்து தடவை அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்துவிட்டு, தம்பியையும் கூட்டி வரலாமா என்று ஸ்பானிஷில் கேட்டார். அரை மணி நேரத்தில் ஆறு பேரோடு வந்தார். அவர்களுக்கு எந்தத் திருப்பத்தில் ஆபத்து என்று எந்த வரைபடத்தையும்விட நன்றாகத் தெரிகிறது.

செரி ஹில் அக்கா:

குமார், ஹோபோக்கன் செய்தது அருமை, ஆனால் குறுக்கு நடைபாதைக்கு 25 அடிக்குள் கார் நிறுத்தக் கூடாது என்பது மாநிலச் சட்டம். அந்தச் சட்டம் கையில் இருந்ததால்தான் ஊர் நிர்வாகம் கம்பம் நட முடிந்தது. தவிர, ஹோபோக்கன் ஒரு சதுர மைல் ஊர். எடிசனில் மாநிலச் சாலை, கவுன்ட்டி (மாவட்ட)ச் சாலை, ஊர்ச் சாலை என மூன்றும் ஒரே சந்திப்பில் வந்து முட்டும், யாரைக் கேட்டாலும் இன்னொருவரைக் கை காட்டுவார்கள். 2009லேயே மாநிலப் போக்குவரத்துத் துறை கம்ப்ளீட் ஸ்ட்ரீட்ஸ் கொள்கையை, அதாவது நடப்பவர், சைக்கிள், கார் எல்லோருக்கும் சேர்த்துச் சாலை அமைக்க வேண்டும் என்பதை, ஏற்றாயிற்று. ஒவ்வொரு முறை தார் போடும்போதும் அதை நினைவுபடுத்த ஆள் வேண்டும், பழைய கோடுகளையே மறுபடி வரைந்துவிட்டால் அடுத்த பத்து வருடம் தொட மாட்டார்கள்.

சாலை போட மாநிலமே பணம் தரும் சட்டத்தை இந்த நாட்டில் முதலில் கொண்டுவந்தது நியூஜெர்சிதான், 1891ல். நல்ல சாலை வேண்டும் என்று அந்தக் காலத்தில் நாடு முழுக்கக் குரல் கொடுத்தவர்களில் சைக்கிள் சங்கத்துக்காரர்கள் முன்னால் நின்றார்கள், கார் வருவதற்கு முன்னாலேயே. எடிசன் தம்பி, செனட்டர் அலுவலகத்துக்குப் போகும்போது இதை ஒரு வரி சொல்லுங்கள், யாருடைய சாலையில் யார் இடம் கேட்கிறார்கள் என்று அவர்களுக்குப் புரியும்.

எடிசன் மிதிவண்டி:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி, ஒவ்வொன்றையும் இரண்டு தடவை படித்தேன்.

கணக்குப்பிள்ளை, நேற்று இரவே பொருளாளரோடு உட்கார்ந்து பார்த்தோம். இது மூன்றாவது வருடம்தான், கடைசித் தேதிக்கு ஐந்து வாரம் இருக்கிறது. நீங்கள் சொல்லாவிட்டால் தெரிந்தே இருக்காது. பழைய இயக்குநரும் செவ்வாய்க்கிழமை வருவதாகச் சொல்லிவிட்டார், நன்றாகத்தான் பேசினார்.

நானும் நர்ஸும் இணைத்தலைவர்கள், பதினெட்டு மாதம், எழுதியாயிற்று. குமார், மூடிவிடுங்கள் என்ற உங்கள் பேச்சால்தான், அக்கா சொன்ன மாதிரி செய்திமடலையும் மாநாட்டையும் நிறுத்த குழு சம்மதித்தது. தொகுதி 18ஐ நான் எடுத்துக்கொண்டேன், இன்னும் 34 தொகுதிகளுக்கு ஆள் இல்லை. இதைப் படிக்கிறவர்கள் யாராவது பிரிட்ஜ்வாட்டர், பார்சிப்பனி, பிளெயின்ஸ்பரோ பக்கம் இருந்தால் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். சைக்கிள் நன்றாக ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை.

புதுகை மகள், வரும் சனிக்கிழமை மாலை 6 மணிக்கு, மெட்டச்சனில் மிடில்செக்ஸ் கிரீன்வே தொடங்குகிற இடத்தில் விளக்கு மாட்டுகிறோம். சைக்கிள் கடைக்காரர் அடக்க விலைக்குக் கொடுத்த 40 ஜோடி விளக்கு என் கராஜில் இருக்கிறது. ஸ்பானிஷ் பேச ஆள் இல்லை, நீங்கள் வர முடியுமா?