பெயரில்லாத 277 பேர்: வேலூர் உறவுகளிடம் ஓர் உதவி

அனைவருக்கும் வணக்கம். வேலூர் லாங்கு பஜார் மணிக்கூண்டில் பதித்திருக்கும் கல்வெட்டைப் பார்த்திருப்பீர்கள். முதல் உலகப் போருக்கு இங்கிருந்து 277 பேர் சென்றார்கள், 14 பேர் உயிர் நீத்தார்கள் என்கிறது அது. ஒரு பெயர்கூட இல்லை. மெசபடோமியாவில் (இன்றைய ஈராக்கில்) இறந்தோருக்கான பாஸ்ரா நினைவிடத்திலும் இதே கதைதான்: ஆங்கிலேயச் சிப்பாய்களைப் பெயர் சொல்லிப் பொறித்தவர்கள், இந்தியச் சிப்பாய்களை எண்ணிக்கையாகவே விட்டார்கள். நூறாண்டு கடந்தும் இது என்னை உறுத்துகிறது.

அந்தப் பெயர்களைத் திரட்டத் தொடங்கியிருக்கிறேன். உங்கள் கொள்ளுத்தாத்தா பட்டாளத்துக்குப் போனவர் என்று வீட்டில் பேச்சுண்டா? பழைய டிரங்குப் பெட்டியை ஒருமுறை திறந்து பாருங்கள். வெள்ளிப் பதக்கம் இருந்தால் அதன் விளிம்பைக் கவனியுங்கள். படை எண், பெயர், படைப்பிரிவு அங்கே பொடி எழுத்தில் வெட்டப்பட்டிருக்கும். தயவுசெய்து பளபளப்பாகத் தேய்த்துவிடாதீர்கள், எழுத்து அழிந்துவிடும். பென்ஷன் புத்தகம், டிஸ்சார்ஜ் சான்றிதழ், சீருடையில் எடுத்த படம் எதுவானாலும் உதவும். காகிதங்களை மடிக்காமல், பகல் வெளிச்சத்தில் படம் பிடித்து அனுப்பினால் போதும். மூலப் பிரதி உங்களிடமே இருக்கட்டும்.

இன்னொரு வேண்டுகோள். போரில் இறந்தோரின் விவரங்களைக் காக்கும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியலில் தந்தை பெயரும் ஊரும் பல இடங்களில் உண்டு. ஆனால் ஆங்கில எழுத்துக்கூட்டலில் நம் ஊர்ப் பெயர்கள் சிதைந்து கிடக்கின்றன. பழைய வடஆர்க்காடு மாவட்டத்துச் சிற்றூர்களை நன்கறிந்த பெரியவர்கள் யாரேனும் என்னோடு அமர்ந்து படித்துத் தருவீர்களா? ஞாயிற்றுக்கிழமைகளில் நானே உங்கள் வீடு தேடி வருகிறேன்.