டிவிடியில் இருக்கும் எபிசோடுகளையே டிவிஆர் திரும்பத் திரும்பப் பதிவு செய்கிறது. தடுக்க வழி உண்டா?

மறுஒளிபரப்பு ரசிகன்:
வணக்கம் நண்பர்களே. நான் பயன்படுத்துவது மித்டிவி, டிவி நிகழ்ச்சிகளைக் கணினியில் பதிவு செய்யும் டிவிஆர் மென்பொருள். ஒரு பழைய துப்பறியும் தொடரின் முதல் நான்கு சீசன்கள் டிவிடியாக இருக்கின்றன. எல்லாவற்றையும் கணினிக்கு ஏற்றி, வீடியோஸ் ஃபோல்டரில் சீசன் வாரியாகப் பெயரிட்டு அடுக்கியாயிற்று. ஐந்தாவது சீசனிலிருந்துதான் எனக்குத் தேவை. அதற்காக ஒரு ரெக்கார்டிங் ரூல் போட்டேன். சேனல் இப்போது முதல் சீசனிலிருந்து ஓட்டுகிறது, மித்டிவியும் ஒன்று விடாமல் பிடித்து வைக்கிறது. விளம்பரமும் மூலையில் சேனல் லோகோவுமாக! காசு கொடுத்து வாங்கிய சுத்தமான பிரதி பக்கத்து ஃபோல்டரிலேயே கிடக்கிறது. டிஸ்க் நிரம்பியதும், பழைய பதிவுகளைத் தானாக அழிக்கும் ஆட்டோ எக்ஸ்பயர் வேலையைக் காட்டுகிறது, நான் பார்க்காமல் வைத்திருந்த வேறு பதிவுகள் அழிந்துபோகின்றன.

ஒரே எபிசோடை மறுபடி பதிவு செய்யாமல் தடுக்கும் டூப்ளிகேட் செக் ஆனில்தான் இருக்கிறது, ‘ஆல் ரெக்கார்டிங்ஸ்’ என்று. பிறகு ஏன் இப்படி?

குட்டிச்சுவர்:
ரூல்ல ‘நியூ எபிசோட்ஸ் ஒன்லி’ போடுங்க பாஸ். வேலை முடிஞ்சுது.

மறுஒளிபரப்பு ரசிகன்:
அது சரிப்படாது நண்பரே. தொடரே பழசு. ஐந்தாவது சீசனும் மறுஒளிபரப்புத்தான், அதையும் சேர்த்து விட்டுவிடும்.

குட்டிச்சுவர்:
அட ஆமால்ல.

பின்கட்டு நிர்வாகி:
‘ஆல் ரெக்கார்டிங்ஸ்’ என்ற பெயர்தான் எல்லோரையும் குழப்புகிறது. அது உங்கள் டிஸ்க்கில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதில்லை. மித்டிவி தானே பதிவு செய்தவற்றின் பட்டியலைத்தான் பார்க்கிறது. டேட்டாபேஸில் ‘ஓல்ட்ரெக்கார்டட்’ என்று ஒரு டேபிள் இருக்கிறது. பதிவை நீங்கள் அழித்தாலும் அதில் வரி அப்படியே இருக்கும். வீடியோஸ் ஃபோல்டர் வெறும் பார்ப்பதற்கான இடம், எதைப் பதிவு செய்வது என்று முடிவெடுக்கும் ஷெட்யூலர் அந்தப் பக்கமே போகாது. அதனால் டிவிடியிலிருந்து ஏற்றியவை அதன் கணக்கில் இல்லாதவை.

இதை வைத்தே இரண்டு வழி சொல்கிறேன்.

முதல் வழி, சோம்பேறிகளுக்கானது. வரவிருக்கும் பதிவுகளின் பட்டியலில் அந்த எபிசோடைத் தேர்ந்தெடுத்து ‘நெவர் ரெக்கார்ட்’ கொடுங்கள். அந்த டேபிளில் ஒரு வரி விழும், அதன்பின் அது எப்போது வந்தாலும் தொடாது. பதிவாகிவிட்டால் சும்மா ‘டிலீட்’ செய்தால் போதும். ‘டிலீட் அண்ட் அலவ் ரீரெக்கார்ட்’ பக்கம் மட்டும் போகாதீர்கள், அது வரலாற்றையும் செல்லாததாக்கிவிடும். இந்த வழியில் ஒரே சிக்கல், கைடில் (சேனல்களின் நிகழ்ச்சி அட்டவணையில்) வந்த எபிசோடுகளுக்கு மட்டும்தான் செய்ய முடியும். நான்கு சீசனையும் இப்படி முடிக்க, சேனல் மனம் வைக்க வேண்டும்.

இரண்டாவது, அந்த டேபிளை நீங்களே நிரப்புவது. முதலில் டேபிளுக்கு பேக்கப். இது பேச்சுக்குச் சொல்வதல்ல, உண்மையிலேயே எடுத்துவிட்டுத் தொடங்குங்கள். பிறகு கையிலிருக்கும் ஒவ்வொரு எபிசோடுக்கும் ஒரு வரி: தொடரின் பெயர், சப்டைட்டில் (இங்கே எபிசோடின் பெயர் என்று பொருள்), கிடைத்தால் புரோகிராம் ஐடி (கைடு அந்த நிகழ்ச்சிக்குத் தரும் அடையாளக் குறியீடு). ‘டூப்ளிகேட்’ நெடுவரிசையில் 1, ‘ரெக்ஸ்டேட்டஸ்’ நெடுவரிசையில் -3. அதுதான் ‘பதிவு முடிந்தது’ என்பதற்கான எண். பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு: ஸ்டேஷன், தொடக்க நேரம், தலைப்பு மூன்றும் சேர்ந்துதான் பிரைமரி கீ, அதாவது இரண்டு வரிகளில் ஒன்றுபோல இருக்கக்கூடாத அடையாளம். எல்லா வரிக்கும் ஒரே தொடக்க நேரத்தைப் போட்டால் முதல் வரியோடு நின்றுவிடும். பழைய தேதி ஒன்றை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வரிக்கும் ஒரு நிமிடம் கூட்டிக்கொண்டே போங்கள். முடிந்ததும் மித்டிவியோடு வரும் மித்யூட்டில் கருவியில் ‘ரீஷெட்’ கொடுத்தால் ஷெட்யூலர் பட்டியலைப் புதிதாகப் போடும்.

தொடரின் பெயர் கைடில் இருப்பதுபோல எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். டிவிடி அட்டையைப் பார்த்து எழுதாதீர்கள்.

நாடாக்காலத்து ஆள்:
நான் இருப்பது டிவிஹெட்எண்ட் என்ற இன்னொரு டிவிஆர் மென்பொருளில். அங்கேயும் இதே கதைதான், அதன் டூப்ளிகேட் சோதனை தன் சொந்தப் பதிவேட்டை மட்டுமே பார்க்கும். கூடுதலாக ஒரு வம்பு: டிவிஆர் லாக் ரிடென்ஷனை (பதிவேட்டு வரிகளை வைத்திருக்கும் காலத்தை) குறைத்து வைத்தால், காலம் முடிந்ததும் அந்த வரி போய்விடும். போன பிறகு அதே எபிசோட் அதற்குப் புத்தம் புதுசு! அதை நீண்ட காலத்துக்கு வைத்துவிட்டு, ஆட்டோரெக் ரூலில் (தானாகப் பதிவு செய்யும் விதியில்) எபிசோட் எண்ணை வைத்து ஒப்பிடச் சொல்லுங்கள்.

செவ்வாய் இரவு:
டேபிளில் கை வைக்கப் பயமாக இருந்தால் ஜெல்லிஃபின் பாருங்கள், வீடியோ லைப்ரரியும் டிவி பதிவும் சேர்ந்த மென்பொருள். தொடர் பதிவின் அமைப்பில் ‘லைப்ரரியில் ஏற்கனவே உள்ள எபிசோடுகளைப் பதிவு செய்யாதே’ என்று ஒரு டிக் இருக்கிறது. அது நிஜமாகவே உங்கள் கோப்புகளைப் பார்க்கும். சீசன் எண், எபிசோட் எண் இரண்டையும் வைத்து ஒப்பிடும், கைடு அந்த எண்களைத் தந்தால்.

பின்கட்டு நிர்வாகி:
நல்ல வசதிதான், ஆனால் எண்ணை மட்டும் நம்புவதில் ஆபத்து இருக்கிறது. ‘ஃபயர்ஃப்ளை’ தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். 2002-இல் ஃபாக்ஸ் அதை வரிசை மாற்றி ஒளிபரப்பியது. முதலில் வந்தது ‘தி ட்ரெய்ன் ஜாப்’. கதையின் தொடக்கமான ‘செரினிட்டி’ டிசம்பரில்தான் வந்தது. டிவிடியில் ‘செரினிட்டி’ முதல் எபிசோட். உங்கள் கோப்பு எஸ்01இ01 (முதல் சீசன், முதல் எபிசோட்) என்றால் ‘செரினிட்டி’; ஒளிபரப்பு வரிசையைப் பின்பற்றும் கைடில் அதே எண் ‘தி ட்ரெய்ன் ஜாப்’. மென்பொருள் எண்ணைப் பார்த்து, இருக்கிறது என்று விட்டுவிடும். இல்லாததை விடுவது, இருப்பதைப் பதிவு செய்வதைவிட மோசம். இருப்பதை அழித்துக்கொள்ளலாம்.

எக்ஸ்எம்எல்டிவி என்ற கோப்பு வடிவில் வரும் கைடில் இன்னொரு கண்ணி: அதன் ‘என்எஸ்’ வகை எபிசோட் எண் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். 0.4 என்றால் முதல் சீசனின் ஐந்தாவது எபிசோட். கைடு தயாரிக்கும் ஸ்கிரிப்ட் இதைக் கவனிக்காவிட்டால் எல்லாமே ஒன்று தள்ளிப்போகும்.

மறுஒளிபரப்பு ரசிகன்:
இரண்டாவது வழியைச் செய்து பார்த்தேன் ஐயா. பெரும்பாலானவை இப்போது ‘முன்பே பதிவானது’ என்று ஒதுங்கிவிட்டன. மிக்க நன்றி! ஆனால் சில எபிசோடுகள் இன்னும் வருகின்றன. அவற்றுக்கெல்லாம் கைடில் எபிசோடின் பெயரே இல்லை, தொடரைப் பற்றிய பொதுவான இரண்டு வரி மட்டும்தான்.

பின்கட்டு நிர்வாகி:
அவை ‘ஜெனரிக்’ என்று குறிக்கப்பட்டவை. எந்த எபிசோட் என்று கைடுக்கே தெரியாதபோது மித்டிவி ஒப்பிட்டுப் பார்ப்பதே இல்லை, எடுத்துவைத்துவிடும். தவறவிடக்கூடாது என்பது அதன் எண்ணம். ஸ்கெட்யூல்ஸ் டைரக்ட் என்ற சேவை தரும் கைடாக இருந்தால் புரோகிராம் ஐடியைப் பாருங்கள்: ‘இபி’ என்று தொடங்கினால் குறிப்பிட்ட எபிசோட், ‘எஸ்எச்’ என்றால் தொடரின் பொதுத் தகவல்.

ரூலின் ஃபில்டர்களில் ‘ஐடென்டிஃபையபிள் எபிசோட்’ என்று இருக்கும், அதை டிக் செய்யுங்கள். அடையாளம் தெரியாதவற்றைத் தொடாது. ஐந்தாவது சீசன் தொடங்கும்போது மட்டும் கைடை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். அந்தச் சேனல் அப்போதும் பெயர் தராமலே ஓட்டினால் ஃபில்டரை எடுத்துவிட வேண்டியதுதான்.

மறுஒளிபரப்பு ரசிகன்:
டிக் போட்டுவிட்டேன், அடுத்த வாரப் பட்டியலில் அந்தத் தொடரே இல்லை. மூன்றாவது சீசனில் இரண்டு பாகத்தை ஒன்றாகச் சேர்த்து டிவிடியில் ஒரே கோப்பாகக் கொடுத்திருக்கிறார்கள். சேனல் தனித்தனியாகப் போடும். அதற்கு இரண்டு வரியா?

பின்கட்டு நிர்வாகி:
இரண்டு வரி. கைடில் இரண்டுக்கும் என்ன பெயர் வருகிறதோ அந்தப் பெயரில்.